நகரும் இருக்கையும் நாடளிக்கும் உரிமையும்

நுழையும்முன்

அறிவு பகிரப் பகிர வளரும் இயல்புடையது. எனினும், அல்லும் பகலும் உழைத்து ஒன்றைக் கண்டறிந்தவருக்கு அதன் பயன் கிட்டாவிடில், அடுத்த கண்டுபிடிப்புக்கு ஊக்கம் பிறவாது. அறிவின் பரவலையும் உழைத்தவரின் நலனையும் ஒருசேரக் காப்பதற்குச் சட்டம் வகுத்த வழியே காப்புரிமை. ஒரு கண்டுபிடிப்பு அவ்வுரிமைக்குத் தகுதியுடையதா என்பது எவ்வாறு ஆராயப்படுகிறது? மின்னாற்றலால் நகரும் ஊர்தி இருக்கை ஒன்றினைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

இருக்கைக்குள் ஓர் இயந்திரம்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் கண்டமங்கலம். அச்சாலையில் செல்லும் மகிழுந்துகளை ஓட்டுவோர் அனைவரும் ஒரே உயரத்தினர் அல்லர். கால், மிதியை எட்டவேண்டும். கை, திருப்புவளையத்தை இயல்பாகப் பற்றவேண்டும். கண், சாலையை மறைப்பின்றிக் காணவேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைய, இருக்கை முன்னும் பின்னும் நகர்ந்தாக வேண்டும். பழைய ஊர்திகளில் இருக்கையின் அடியிலுள்ள நெம்புகோலை உயர்த்தி, உடலால் உந்தி இருக்கையை நகர்த்துவர். இன்றைய ஊர்திகள் பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினாலே இருக்கை நகர்கிறது.

இதன் அமைப்பு எளிதாகத் தோன்றினும் நுட்பமானது. ஊர்தியின் தரையில் இரு தடங்கள் பொருத்தப்பட்டிருக்கும். இருக்கையின் அடியிலுள்ள மேல்தடங்கள் அவற்றின்மீது வழுக்கிச் செல்லும். சிறிய மின்மோட்டார் ஒன்று, பற்சக்கரங்களின் வழியாக நீண்ட திருகுத்தண்டைச் சுழற்றும். தண்டில் கோக்கப்பட்டுள்ள மரை, சுழற்சியை நேர்க்கோட்டு நகர்வாக மாற்றும். மோட்டார் சுழன்றால் இருக்கை நகரும்; ஆனால் இருக்கையைத் தள்ளினால் மோட்டார் சுழலாது. திடீரெனத் தடையை அழுத்தும்போது அமர்ந்திருப்பவரின் உடல் முன்னோக்கி உந்தப்படும். அவ்வேளையில் இருக்கை தன் இடத்திலேயே நிற்பதற்கு இவ்வொருவழி இயல்பு துணைசெய்கிறது. மோட்டாரின் சுழற்சிகளை எண்ணும் உணரி, இருக்கை எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரிவிக்கும்.

ஒரு பட்டறையில் பிறந்த எண்ணம்

கண்டமங்கலத்தில், ஊர்திகளுக்கு இருக்கை பொருத்தும் பட்டறை ஒன்று இருப்பதாகக் கற்பனையாகக் கொள்க. அங்குப் பணிபுரியும் தொழிலாளர் ஒருவர் ஒரு குறையைக் காண்கிறார். முன்னிருக்கை மின்னாற்றலால் பின்னோக்கி நகரும்போது, பின்னால் அமர்ந்திருக்கும் குழந்தையின் கால் அதனிடையே சிக்கக்கூடும். தடை ஏற்பட்டதும் இருக்கை தானே நின்றுவிட வேண்டும். இதற்கு என்ன வழி?

மோட்டாரின் சுழற்சிக்குத் தடை ஏற்பட்டால் அது கூடுதல் மின்னோட்டத்தை ஈர்க்கும். அம்மின்னோட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் மோட்டாரை நிறுத்திவிடலாம் என்று அவர் கருதுகிறார். செய்து பார்க்கும்போது புதிய சிக்கல் எழுகிறது. எடை மிகுந்தவர் அமர்ந்தாலும் மின்னோட்டம் கூடுகிறது. ஊர்தி மேட்டில் நின்றாலும் கூடுகிறது. அளவைக் குறைத்து வைத்தால், தடையே இல்லாதபோதும் இருக்கை நின்றுவிடுகிறது. அளவைக் கூட்டி வைத்தால், எடை குறைந்தவர் அமர்ந்திருக்கும்போது கால் நசுங்கிய பின்னரே நிற்கிறது.

பல நாள் முயற்சிக்குப்பின் அவர் ஒரு தீர்வு காண்கிறார். ஒவ்வொரு முறையும் இருக்கை நகரத் தொடங்கும் முதல் சில மில்லிமீட்டர் தொலைவில் மின்னோட்டத்தை அளக்கவேண்டும்; அவ்வளவையே அடிப்படையாகக் கொண்டு, அந்நகர்வுக்குரிய எல்லையைக் கருவி தானே வகுத்துக்கொள்ள வேண்டும். இத்தீர்வுக்குக் காப்புரிமை கிடைக்குமா? இவ்வினாவிலிருந்தே காப்புரிமை ஆய்வு தொடங்குகிறது.

விண்ணப்பமும் விவரக்குறிப்பும்

இந்தியாவில் காப்புரிமை அலுவலகங்கள் கொல்கத்தா, தில்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் உள்ளன. தமிழ்நாடும் புதுச்சேரியும் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் அடங்கும். ஆகவே, கண்டமங்கலத்துத் தொழிலாளரின் விண்ணப்பம் கிண்டியிலுள்ள அவ்வலுவலகத்திற்குச் செல்லும்; இணையவழியிலும் அனுப்பலாம். தனியொருவருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பெருநிறுவனத்திற்கு 8,000 ரூபாய். ஆய்வுக்குரிய கட்டணம் முறையே 4,000 ரூபாயும் 20,000 ரூபாயும் ஆகும். எளியோரும் இவ்வாயிலை அடையவேண்டும் என்பதே இவ்வேறுபாட்டின் நோக்கம்.

விண்ணப்பத்தின் உயிர்நாடி விவரக்குறிப்பு. கண்டுபிடிப்பு முழுமை பெறாத நிலையில் தற்காலிக விவரக்குறிப்பை அளித்து, ஒரு நாளைத் தனக்குரியதாக உறுதிசெய்துகொள்ளலாம். அந்நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பை அளிக்க வேண்டும். ஒரே கருத்தை இருவர் தனித்தனியே கண்டறிந்தால் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை என்பதால், அந்நாள் இன்றியமையாதது.

முழு விவரக்குறிப்பில் எதனையும் மறைத்தல் கூடாது. அத்துறையில் தேர்ச்சியுள்ள வேறொருவர் அதனைப் படித்து அக்கருவியைத் தாமே செய்யும் அளவிற்கு அது தெளிவாக இருக்கவேண்டும். எத்தனை மில்லிமீட்டர் தொலைவில் அளப்பது, எல்லையை எவ்வாறு கணக்கிடுவது என்பனவற்றையெல்லாம் எழுதவேண்டும். தமக்குத் தெரிந்த சிறந்த முறையையும் வெளிப்படுத்தவேண்டும். காப்புரிமை ஒருவகை ஒப்பந்தமாகும். கண்டறிந்தவர் தம் அறிவைச் சமுதாயத்திற்கு வெளிப்படுத்துகிறார். சமுதாயம் அவருக்கு 20 ஆண்டுகள் தனியுரிமை வழங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் கண்டுபிடிப்புகளுக்குத் தனியுரிமை வழங்கும் முதற்சட்டம் 1856ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள், கொல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்னும் பொறியாளர், கூரையில் தொங்கும் துணி விசிறியை இழுக்கும் பொறிக்கு உரிமை வேண்டி விண்ணப்பித்தார். மனித உடலின் வசதிக்காக அமைந்த ஒரு பொறியிலிருந்தே இந்தியக் காப்புரிமை வரலாறு தொடங்குகிறது.

புதுமையைத் தேடும் ஆய்வர்

விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பின்னர்க் காப்புரிமை இதழில் வெளியிடப்படும். ஆனால், விண்ணப்பித்துவிட்ட அளவிலேயே ஆய்வு தொடங்கிவிடாது. அதற்கெனத் தனியே வேண்டுகோள் விடுக்கவேண்டும். 2024ஆம் ஆண்டின் விதித்திருத்தத்தின்படி, இவ்வேண்டுகோளுக்குரிய காலம் 31 மாதங்கள். அதனைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும்.

ஆய்வர் முதலில் தேடுவது புதுமை. இத்தேடலுக்கு ஓர் ஒழுங்கு தேவை. உலகக் காப்புரிமை ஆவணங்கள் அனைத்தும் பன்னாட்டு வகைப்பாட்டு முறையின்படி எட்டுப் பெரும்பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஊர்தி இருக்கைகளுக்குரிய இடம் ‘பி60என் 2’ என்பதாகும். நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கிவைப்பதைப் போன்றது இது. தைவானில் எழுதப்பட்டதாயினும் செருமனியில் எழுதப்பட்டதாயினும், நகரும் இருக்கை பற்றிய ஆவணம் இக்குறியீட்டின்கீழ் வந்து சேரும்.

விண்ணப்ப நாளுக்கு முன்னர் உலகின் எப்பகுதியிலேனும் வெளியான ஒரே ஆவணத்தில் இத்தீர்வின் கூறுகள் அனைத்தும் இடம்பெற்றிருந்தால், புதுமை இல்லை என்பது உறுதியாகிவிடும். இங்கே மாணவர்கள் அறியவேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. விண்ணப்பிக்கும் முன்னர்க் கண்டறிந்தவர் தாமே அதனைப் பொதுவெளியில் காட்டிவிட்டாலும், விற்றுவிட்டாலும், காணொலியாக வெளியிட்டாலும் புதுமை கெடக்கூடும். அரசு அறிவிக்கும் கண்காட்சிகள், கற்றறிந்தோர் மன்றங்கள் போன்ற சிலவற்றிற்கு மட்டும் சட்டம் வரம்புடன் விலக்களிக்கிறது. பெருமிதத்தால் பத்துப் பேரிடம் காட்டி, அதனாலேயே உரிமையை இழந்தவர் பலர்.

புத்தாக்கப் படி

புதியது என்பது மட்டும் போதாது. அப்புதுமை, அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்கவேண்டும். இதனையே சட்டம் புத்தாக்கப் படி என்கிறது. முன்பிருந்த அறிவைவிடத் தொழில்நுட்பத்தில் முன்னேற்றமோ பொருளாதாரச் சிறப்போ இரண்டுமோ அதில் அமைந்திருக்கவேண்டும். தெரிந்த கருவிகளை அருகருகே அடுக்கிவைத்து, ஒவ்வொன்றும் தத்தம் பழைய வேலையையே தனித்தனியே செய்யுமாயின், அது கண்டுபிடிப்பு ஆகாது.

கண்டமங்கலத்துத் தொழிலாளரின் முதல் எண்ணத்தை இவ்வளவுகோலால் அளந்து பார்க்க. மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் முறை, ஊர்திகளின் மின்சாளரங்களில் ஏற்கெனவே உள்ளது. கண்ணாடி மேலேறும்போது விரல் சிக்கினால் அது நின்றுவிடும். அதே முறையை இருக்கைக்கு மாற்றுவது தேர்ந்த பொறியாளர் எவருக்கும் தோன்றக்கூடியதே என ஆய்வர் மறுக்கலாம். ஆனால், அமர்பவரின் எடைக்கேற்பவும் ஊர்தி நிற்கும் சரிவுக்கேற்பவும் ஒவ்வொரு நகர்விலும் எல்லையைப் புதிதாக வகுத்துக்கொள்ளும் இரண்டாம் எண்ணம், சாளரத்தில் எழாத ஒரு சிக்கலுக்குரிய தீர்வாகும். அது முன்னரே வெளிவராதிருப்பின், உரிமைக்கான வாதம் அதன்மீதே நிற்கும்.

இவ்வேறுபாட்டை நீதிமன்றங்களும் தெளிவுபடுத்தியுள்ளன. கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்துநிறுத்தும் அமைப்பு ஒன்றிற்கு வழங்கப்பட்ட காப்புரிமை குறித்த வழக்கில், 1978ஆம் ஆண்டு திசம்பரில் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் பட்டறை மேம்பாடு கண்டுபிடிப்பாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பட்டறையில் கைதேர்ந்தவர் நாள்தோறும் செய்யும் சிறுமாற்றங்களுக்கெல்லாம் தனியுரிமை வழங்கினால், மற்றப் பட்டறைகள் இயங்கவே இயலாது.

ஊர்திப் பகுதி குறித்த புகழ்பெற்ற வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடைபெற்றது. ஓட்டுநரின் உயரத்திற்கேற்ப இருக்கையை நகர்த்துவதற்கு மாற்றாக, மிதியையே நகர்த்தும் அமைப்பு அது. அம்மிதியோடு மின்னணு உணரியை இணைத்ததற்குக் காப்புரிமை பெறப்பட்டிருந்தது. நகரும் மிதியும் முன்பே உண்டு. உணரியும் முன்பே உண்டு. சந்தையின் தேவையே இரண்டையும் இணைக்கத் தூண்டும் நிலையில், அவ்விணைப்பு எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே என்று 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் முடிவுசெய்தது. துறைவல்லுநரும் படைப்பாற்றல் உடையவரே. அவரை இயந்திரமாகக் கருதலாகாது என்னும் கருத்தையும் அந்நீதிமன்றம் வலியுறுத்தியது.

புதுமை, புத்தாக்கப் படி ஆகியவற்றுடன் தொழிற்பயன் என்னும் மூன்றாம் தகுதியும் வேண்டும். இருக்கையைப் பொறுத்தவரை இதில் ஐயமில்லை. தொழிற்சாலையில் செய்யவும் பயன்படுத்தவும் கூடியது அது.

சொற்களால் இடும் வேலி

விவரக்குறிப்பின் இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் தொடர்களுக்கு உரிமைக்கோரல்கள் என்று பெயர். நிலத்திற்கு எல்லைக்கல் எப்படியோ, கண்டுபிடிப்புக்கு உரிமைக்கோரல் அப்படி. ‘தடை ஏற்பட்டால் நிற்கும் இருக்கை’ என்று மட்டும் எழுதினால், வேலி மிக அகன்றுவிடும்; முன்பிருந்த அறிவும் அதற்குள் அடங்கிவிடுவதால் ஆய்வர் மறுப்பார். ‘நான்கு மில்லிமீட்டர் தொலைவில் மட்டும் அளக்கும் கருவி’ என்று எழுதினால், வேலி மிகக் குறுகிவிடும். போட்டியாளர் ஐந்து மில்லிமீட்டரில் அளந்து, எல்லைக்கு வெளியே நின்றுகொள்வார். எவ்வளவு கண்டறிந்தாரோ அவ்வளவையே கோருதல் வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு சொல்லின் பொருளில் பெரும் வாணிகமே தங்கியிருப்பதால், மொழித்திறனும் இங்கே தொழில்திறன் ஆகிறது.

வினாவும் விடையும்

ஆய்வர் தம் எதிர்வினாக்களைத் தொகுத்து முதல் ஆய்வறிக்கையாக அளிப்பர். விண்ணப்பதாரர் அதற்கு ஆறு மாதங்களுக்குள் மறுமொழி தரவேண்டும்; வேண்டினால் மேலும் மூன்று மாதங்கள் நீட்டிப்புப் பெறலாம். உரிமைக்கோரல்களைச் சுருக்கித் திருத்தலாம். ஆனால் முதலில் எழுதாத புதிய செய்தியைச் சேர்க்க இயலாது. நேரில் வாதிடவும் வாய்ப்புண்டு. இறுதி முடிவை எடுப்பவர் கட்டுப்பாட்டாளர் ஆவார்.

இவ்வாய்வில் பொதுமக்களுக்கும் பங்குண்டு. விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், உரிமை வழங்கப்படும்வரை எவரும் சான்றுகளுடன் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். உரிமை வழங்கப்பட்டதாக வெளியிடப்பட்ட ஓராண்டுக்குள்ளும் அதில் தொடர்புடையோர் எதிர்க்கலாம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இத்தகைய வழக்குகளை விசாரிக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2023ஆம் ஆண்டுமுதல் தனிப்பிரிவு இயங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

காயத்தை ஆற்றும் மஞ்சளின் பயனுக்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அப்பயன் இந்தியாவில் வழிவழியாக அறியப்பட்டதே என்பதை அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் சான்றுகளுடன் நிறுவியதால், 1997ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. இதன் பின்னர் உருவாக்கப்பட்ட மரபறிவு மின்னூலகத்தில் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களின் செய்திகளும் ஐந்து அயல்மொழிகளில் தொகுக்கப்பட்டுள்ளன. வெளிநாட்டு ஆய்வர்கள் அவற்றைத் தேடிப் பார்க்கின்றனர்.

சென்னையில் நடந்த வழக்கு

காப்புரிமை பெற்றுவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? இல்லை என்பதைத் தமிழ்நாட்டு ஊர்தித்துறையில் நிகழ்ந்த வழக்கு ஒன்று காட்டுகிறது. சிறிய இயந்திரத்தில் இரு தீப்பொறிச் செருகிகளை அமைக்கும் முறைக்குப் பஜாஜ் ஆட்டோ நிறுவனம் 2002ஆம் ஆண்டு சூலையில் விண்ணப்பித்து, 2005ஆம் ஆண்டு சூலையில் காப்புரிமை பெற்றது. ஓசூரில் ஊர்திகளை உருவாக்கும் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம், 2007ஆம் ஆண்டில் ‘ஃபிளேம்’ என்னும் இருசக்கர ஊர்தியை அறிமுகம் செய்தது. அதில் தம் உரிமை மீறப்பட்டுள்ளதாகப் பஜாஜ் கருதியது. மூன்று வால்வுகள் கொண்ட தம் இயந்திரம் வேறானது என்றும், அக்காப்புரிமையே செல்லாது என்றும் டிவிஎஸ் வாதிட்டது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் இடைக்காலத் தடை விதித்தார். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தடையை நீக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம், விற்பனைக் கணக்கை முறையாகப் பேணவேண்டும் என்னும் கட்டுப்பாட்டுடன் விற்பனைக்கு இசைந்தது. இத்தகைய வழக்குகள் இயன்றவரை நான்கு மாதங்களில் முடிக்கப்பட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. ஆயினும், 2019ஆம் ஆண்டில் இரு நிறுவனங்களும் தமக்குள் உடன்பாடு கண்ட பின்னரே பூசல் முழுமையாக ஓய்ந்தது. காப்புரிமையின் ஆயுளோ 20 ஆண்டுகள்தாம். அவற்றுள் பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்தன. அலுவலகத்தில் நடைபெறும் ஆய்வு எத்துணைக் கூர்மையாக அமைகிறதோ அத்துணையளவு பின்னாளைய பூசல் குறையும்.

உரிமையும் பொதுநலனும்

காப்புரிமை, பிறரைத் தடுக்கும் ஆற்றலைத் தருகிறது. அவ்வாற்றலை எந்த அளவிற்கு வழங்கலாம் என்பதே சட்டத்தின் முன்னுள்ள பெருவினா. விடுதலைக்குப்பின் இதனை ஆராய்ந்தவர் நீதியரசர் ந. இராசகோபால ஐயங்கார். இந்தியக் காப்புரிமைகளுள் பெரும்பாலானவை வெளிநாட்டினரிடம் இருந்ததையும், அவற்றுள் மிகப்பல இந்நாட்டில் செயற்படுத்தப்படாமலே இருந்ததையும் 1959ஆம் ஆண்டில் தாம் அளித்த அறிக்கையில் அவர் எடுத்துக்காட்டினார். அதன் அடிப்படையில் அமைந்ததே 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். உரிமை என்பது பூட்டி வைப்பதற்கன்று, நாட்டில் செயற்படுத்துவதற்கே என்பது அச்சட்டத்தின் உயிர்க்கொள்கை.

ஊர்தி இருக்கையோடு இணைந்த மற்றொரு கண்டுபிடிப்பு இங்கு நினைக்கத்தக்கது. சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின், 1959ஆம் ஆண்டில் தோளையும் இடுப்பையும் மூன்று முனைகளில் பிணைக்கும் இருக்கை வாரை உருவாக்கினார். காப்புரிமை பெற்றிருந்தும், உயிர்காக்கும் அமைப்பு என்பதால் பிற நிறுவனங்களும் அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்த வோல்வோ இசைந்தது. இன்று உலகெங்கும் ஓடும் மகிழுந்துகளில் காணப்படுவது அவ்வாரே.

ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுப்பது அவருடைய பெருந்தன்மை. அதனைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால், 20 ஆண்டுகள் நிறைந்ததும் எல்லாக் கண்டுபிடிப்பும் பொதுவுடைமை ஆகிவிடுகிறது. அதற்கு முன்னரும், வெளியிடப்பட்ட ஆவணத்தை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். உலகம் இதுவரை கண்டறிந்த பல்லாயிரம் பொறிகளின் செய்முறைகள் அங்கே வரைபடங்களுடன் காத்திருக்கின்றன. அவற்றைக் கற்று, எது ஏற்கெனவே உள்ளது, எது இன்னும் இல்லை என்று அறிபவர்க்கே அடுத்த கண்டுபிடிப்பு வசப்படும். குழந்தையின் கால் சிக்காத இருக்கையை எண்ணிப் பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும், கண்டதை உரிய நாளில் உரிய சொற்களால் எழுதிவைக்கும் பழக்கமும் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பயன்படும் கருவி ஒன்றில் காணும் குறையைக் குறித்து, அதற்குரிய தீர்வைப் புதுமை, புத்தாக்கப் படி, தொழிற்பயன் ஆகிய மூன்று அளவுகோல்களாலும் ஆராய்ந்து எழுதுக.

2. மிதிவண்டியின் மணிக்கு, மிக அகன்றதும் மிகக் குறுகியதும் ஆகாத உரிமைக்கோரல் ஒன்றை இரண்டு தொடர்களில் அமைக்க.

3. ‘உயிர்காக்கும் கண்டுபிடிப்புகளுக்குத் தனியுரிமை வேண்டுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.